அளந்ததும் கணித்ததும்



மழைக்காலம் பிறந்துவிட்டால் மும்பை மாநகரத்தார் காலைப் பத்திரிகையில் ஆவலோடு தேடும் செய்தி ஒன்று உண்டு. ஏரிகளில் இன்று எத்தனை சதவீதம் தண்ணீர் நிற்கிறது என்பதே அது. மேல் வைதரணா, மோடக் சாகர், தான்சா, நடு வைதரணா, பாத்சா, விஹார், துளசி ஆகிய ஏழு நீர்நிலைகளும் நிரம்பி நின்றால் நகருக்கென்று கிடைக்கும் நீர் 14,47,363 மில்லியன் லிட்டர் என்பது மாநகராட்சியின் கணக்கு. மில்லியன் என்றால் பத்து லட்சம். அந்நீரின் பெரும்பகுதி பாண்டுப் மலைச்சரிவில் அமைந்த சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாகவே நகரத்துக்குள் வருகின்றது. ஆதலால் பாண்டுப்பில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இது வாசற்படியில் நிற்கும் செய்தி.

ஆனால் அந்தத் தண்ணீரை அளந்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரும் இலர். கரையோரத்து அளவுகோலில் நீர்மட்டம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை ஒருவர் பார்க்கிறார். அல்லது கருவி ஒன்று பார்த்துச் சொல்கிறது. அளத்தல் அவ்வளவோடு முடிந்தது. ஏரியின் மேடு பள்ளங்களை ஆராய்ந்து, இன்ன மட்டத்துக்கு இவ்வளவு கொள்ளளவு என்று முன்னரே ஆக்கி வைத்த அட்டவணை ஒன்று இருக்கின்றது. மட்டத்தை அதனோடு ஒப்பிட்டால் கொள்ளளவு கிடைக்கும். ஏழு கொள்ளளவையும் கூட்டி, முழுக் கொள்ளளவால் வகுத்து, நூறால் பெருக்கினால் பத்திரிகையில் வரும் சதவீதம் வந்துவிடும். மட்டம் கண்ணால் கண்டது; சதவீதம் கணக்கினால் பிறந்தது.

அந்தக் கணக்கினுள் ஓர் உடன்பாடு மறைந்து கிடக்கின்றது. எடுத்துப் பயன்படுத்தத்தக்க நீர் மாத்திரமே அதில் சேரும். அதற்கும் கீழ்மட்டத்தில் நிற்கும் நீர் சேராது. 2024ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகளின் இருப்பு மிகவும் குறைந்தபோது, பாத்சா, மேல் வைதரணா ஆகியவற்றின் ஒதுக்கிருப்பிலிருந்து நகரம் நீர் பெற்றது. கணக்கில் வராத நீர் ஏரியில் இருந்தபடியால்தான் அது கூடிற்று. மற்றொன்றும் உண்டு. வண்டல் படிந்து ஏரி தூர்ந்துபோனால், அதே மட்டத்தில் நிற்கும் நீர் முன்னிருந்ததைக் காட்டிலும் குறைவு. அட்டவணையைப் புதுப்பிக்காத வரையில் சதவீதம் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கும். அளவுகோலின்மேல் குற்றம் இல்லை. மட்டம் பார்த்தவர்மேலும் குற்றம் இல்லை. எனினும் எண் தவறானது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இத்தகைய எண்களைப் பற்றியது. அளவுகளைத் திரட்டிப் பதிவு செய்யும் யந்திர அமைப்புகள் இன்று எங்கும் பரவியுள்ளன. தொழிற்கூடங்களில் 'டேட்டா லாகர்' என்று வழங்கும் பெட்டியை நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள். ஒவ்வொரு கருவியிலிருந்தும் ஒரு கம்பி வந்து அப்பெட்டியில் சேர்கின்றது. அவ்வாறு வந்து சேரும் அளவு வரிசை ஒவ்வொன்றையும் 'சானல்' என்கின்றனர். கம்பியே இல்லாத சானல்களும் அப்பெட்டியில் உண்டு. இரண்டு மூன்று கம்பிகளின் அளவுகளைக் கூட்டியோ கழித்தோ பெருக்கியோ வகுத்தோ பெட்டியே அவற்றை ஆக்கிக்கொள்கின்றது. திரையில் பார்க்கும்போது கம்பியுள்ளதும் கம்பியில்லாததும் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில், ஒரே அதிகாரத்தோடு நிற்கும்.

மைய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள நமக்கு, கருவிக் கையேடுகளில் இச்சொல் அடிக்கடி எதிர்ப்படுகின்றது. இதனை 'மெய்நிகர் தடம்' என்று பெயர்க்கும் வழக்கம் சிலரிடம் உள்ளது. நமக்கு அதில் உடன்பாடில்லை. மெய்நிகர் என்றவுடன் மெய் போலத் தோன்றும் மாயம் என்று படிப்பவர் எண்ணிவிடுவார். ஏரியின் சதவீதம் மாயமன்று. உண்மையான நீரைப் பற்றிய உண்மையான கணக்கு. ஆகவே கம்பி வழியே வருவதை 'அளந்த தடம்' என்றும், கணக்கால் ஆக்கியதைக் 'கணித்த தடம்' என்றும் கூறுவோம். கலைக்கல்லூரியில் இலக்கியம் பயின்றவர்க்கு யந்திரத்தில் என்ன வேலை என்று கேட்பவரும் உளர். ஒரு சொல்லின் பொருள் எங்கிருந்து வந்தது என்று தேடுவது போலவே, ஓர் எண் எங்கிருந்து வந்தது என்றும் தேடலாம் என்பதே நமது துணிபு.

கணித்த தடம் நம்மவர்க்குப் புதிதன்று. பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்கள். திதியை வானத்தில் கண்டவர் எவரும் இலர். சந்திரன் நிற்கும் பாகையிலிருந்து சூரியன் நிற்கும் பாகையைக் கழித்து, பன்னிரண்டால் வகுத்தால் திதி. அளந்த தடங்கள் இரண்டு, ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், அவ்வளவே. அதைக் கொண்டுதான் திதி கொடுக்கிறோம், விரதம் இருக்கிறோம், முகூர்த்தம் வைக்கிறோம். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சில நாழிகை வேறுபடுவதை யாவரும் அறிவர். வானம் ஒன்றுதான், கணக்கின் வழி வேறு. சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றி 1880இல் மறைந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார், தொலைநோக்கியில் காணும் வானத்தோடு பஞ்சாங்கத்தின் கணக்கு ஒத்துவர வேண்டும் என்று வாதாடினார். கணித்த தடத்தை அளந்த தடத்தோடு அவ்வப்போது ஒப்புநோக்க வேண்டும் என்பதே அவருடைய வாதத்தின் சாரம் எனலாம்.

இனிப் பாண்டுப்புக்கு வருவோம். மேற்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் குன்றுகள். கிழக்கே உப்பளங்களும் தாணா கழிமுகமும். நடுவே ரயில் பாதையும், லால்பகதூர் சாஸ்திரி சாலையும், நெருங்கி நிற்கும் வீடுகளும். இவ்வூரின் மேற்குப் பகுதியில் காற்றை ஆராயும் நிலையம் ஒன்று இருக்கின்றது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'சஃபர்' என்னும் திட்டத்தின் கீழ் 2015ஆம் ஆண்டில் மும்பையில் தொடங்கிய நிலையங்களுள் அதுவும் ஒன்று. கொலாபா, மஸ்காவ், வொர்லி, செம்பூர், அந்தேரி, மலாட், போரிவலி முதலிய இடங்களிலும் இத்தகைய நிலையங்கள் அமைந்தன. அங்கிருந்து வரும் அளவுகளைக் கொண்டுதான் 'பாண்டுப்பின் காற்றுத் தரம் இன்று இவ்வளவு' என்னும் ஒற்றை எண் நமது கைப்பேசிக்கு வருகின்றது. அந்த ஒற்றை எண்ணுக்குக் கீழே எத்தனை கணக்குகள் அடுக்கடுக்காக நிற்கின்றன என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

முதலாவது, நுண்துகள். தலைமயிரின் தடிமனைவிடப் பன்மடங்கு சிறிய, 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட தூசியைப் பி.எம். 2.5 என்கின்றனர். இத்தகைய நிலையங்களில் பெரிதும் வழங்கும் கருவி இப்படி வேலை செய்கின்றது. ஒரு நாடாவின்மீது பீட்டாக் கதிர் பாய்ச்சி, மறுபுறம் எவ்வளவு வந்தது என்று எண்ணிக்கொள்கிறது. பிறகு அந்நாடாவின் வழியே நிமிடத்துக்கு 16.7 லிட்டர், அதாவது மணிக்கு ஒரு கன மீட்டர், காற்றை உறிஞ்சுகிறது. தூசி நாடாவில் படிகிறது. மறுபடி கதிர் பாய்ச்சி எண்ணுகிறது. முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள விகிதத்திலிருந்து தூசியின் எடையைக் கணித்து, உறிஞ்சிய காற்றின் கன அளவால் வகுக்கிறது. ஆக, 'அளந்தது' என்று நாம் நம்பும் நுண்துகளே கணித்த தடம்தான்! உறிஞ்சிய காற்று எவ்வளவு என்று சொல்லும் உறுப்பு நூற்றுக்கு ஐந்து பிழைத்தால், நுண்துகளின் அளவும் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பிழைக்கும்.

இரண்டாவது, நைட்ரஜன் டை ஆக்சைடு. வண்டிப் புகையிலிருந்து வரும் இவ்வாயுவை இவ்வகை நிலையங்களில் வழக்கமாக உள்ள கருவி நேராகக் காண்பதில்லை. அதனால் காணக்கூடியது நைட்ரிக் ஆக்சைடு என்னும் உடன்பிறப்பை மட்டுமே. அது ஓசோனோடு கலக்கும்போது எழும் மங்கிய ஒளியைக் கருவி எண்ணுகின்றது. அடுத்து, காற்றைச் சூடான உலோக அறை ஒன்றின் வழியே செலுத்தி, டை ஆக்சைடு முழுவதையும் நைட்ரிக் ஆக்சைடாக மாற்றி, மீண்டும் எண்ணுகின்றது. இரண்டாம் எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் மிஞ்சுவது டை ஆக்சைடு. வீட்டிலிருந்து புறப்பட்டவர் எத்தனை பேர், கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தவர் எத்தனை பேர் என்று பார்த்து, வழியில் நின்றவரை அறிவது போன்றது இது.

இங்கே ஒரு வேடிக்கை நிகழ்கின்றது. இரு எண்ணங்களும் ஒரே கணத்தில் நிகழாமல் ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் கருவிகள் உண்டு. முதல் எண்ணத்தின்போது சாலையில் ஒரு லாரி புகை கக்கிச் சென்றுவிட்டது. இரண்டாவது எண்ணத்துக்குள் புகை கலைந்துவிட்டது. கழித்துப் பார்த்தால் விடை சுழிக்கும் கீழே, எதிர்மறையாக வரும். சுழிக்கும் குறைவான வாயு உலகில் ஏது? திரையில் காட்டினால் பார்ப்பவர் நகைப்பர் என்று அஞ்சி, எதிர்மறை வந்தால் சுழியாக்கிவிடு என்று கணித்த தடத்தில் எழுதிவைப்போர் உண்டு. பார்வைக்கு அது ஒழுங்கு. கணக்குக்கு அது கேடு. உண்மையில் வாயு இல்லாத ஓரிடத்தில் கருவியின் நடுக்கத்தால் ஒரு முறை 1 என்றும், மறுமுறை கழித்தல் 1 என்றும் வந்தால், சராசரி சுழி; அதுவே உண்மை. கழித்தல் 1ஐச் சுழியாக்கிவிட்டால் சராசரி அரை. இல்லாத வாயுவை நாமே உண்டாக்கினோம்! ஆகையால் எதிர்மறை எண்ணைச் சேமிப்பில் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். மறைக்க வேண்டுமானால் பார்வைப் பலகையில் மறைத்துக்கொள்ளலாம்.

இதே காரணம் பற்றி எழுந்த மற்றொரு நல்ல வழக்கத்தையும் கூறிவிடுவோம். தொழிற்சாலைக் கருவிகள் பல தம் அளவை 4 முதல் 20 வரையுள்ள மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக அனுப்புகின்றன. 4 என்றால் சுழி. 20 என்றால் முழு அளவு. சுழிக்குச் சுழியையே அனுப்பினால் என்ன? கம்பி அறுந்து போனாலும் சுழிதானே வரும்! அளவு சுழியா, கருவி இறந்ததா என்று தெரியாமற் போகும். நான்கில் தொடங்கியவர்கள் அறிவுடையோர். கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழி. கணக்கில் போட்டால் முழு அளவில் கழித்தல் 25 சதவீதம் என்று வரும். பொறியாளர் உடனே விழித்துக்கொள்வார். ஆனால் கணித்த தடத்தில் எதிர்மறையைச் சுழியாக்கும் கட்டளை இருந்தால், அந்த அறிவெல்லாம் வீண். இறந்த கருவி அமைதியான சுழியாகத் தோற்றமளிக்கும்.

மூன்றாவது, காற்று வீசும் திசை. பாண்டுப் போன்ற ஊரில், மலைப்பக்கத்துக் காற்றா, கழிமுகத்துக் காற்றா என்பது புகையின் போக்கைத் தீர்மானிக்கும். திசையை வடக்கிலிருந்து பாகையாக எண்ணுவர். ஒரு நிமிடம் காற்று 350 பாகையிலிருந்து, அதாவது வடக்குக்குச் சற்று மேற்கிலிருந்து, வீசியது. மறு நிமிடம் 10 பாகையிலிருந்து, வடக்குக்குச் சற்று கிழக்கிலிருந்து, வீசியது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 180. அது தெற்கு! வடக்கிலிருந்து வீசிய காற்றைத் தெற்கிலிருந்து வீசியதாகப் பெட்டி சாதிக்கும். கூட்டலும் சரி, வகுத்தலும் சரி. ஆனால் திசையைச் சாதாரண எண்ணாகக் கருதியது தவறு. ஒவ்வோர் அளவையும் வடக்கு தெற்குக் கூறு, கிழக்கு மேற்குக் கூறு என்று இரண்டாகப் பிரித்து, அவற்றைத் தனித்தனியே சராசரி பார்த்து, பின்னர் ஒன்றுசேர்த்துத் திசை காண்பதே முறை.

எதை முன்னே செய்வது, எதைப் பின்னே செய்வது என்பதும் அற்பமன்று. குழாயில் ஓடும் நீரை, குறுக்கம் ஒன்றின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் கொண்டு கணிப்பது பழைய முறை. ஓட்டம் அவ்வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பாதி நேரம் வேறுபாடு 4, பாதி நேரம் 16 என்று கொள்வோம். ஓட்டம் 2, 4, சராசரி 3. வேறுபாட்டை முதலில் சராசரி பார்த்தால் 10; அதன் வர்க்கமூலம் 3.16. நூற்றுக்கு ஐந்துக்கு மேல் மிகுதி. குளோரின் கலக்கும் அளவை ஓட்டத்தைக் கொண்டு நிர்ணயிக்கும் இடத்தில் இந்த ஐந்து சிறிதன்று. பத்து லட்சம் லிட்டர் நீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் சேர்க்க ஒரு கிலோ குளோரின் வேண்டும். நூற்றுக்கணக்கான மில்லியன் லிட்டர் நாள்தோறும் ஓடும் நிலையத்தில் பிழை எத்தனை கிலோவாக வளரும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இப்போது உச்சியில் நிற்கும் அந்த ஒற்றை எண்ணைப் பார்ப்போம். தேசியக் காற்றுத் தரக் குறியீடு 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. எட்டு மாசுகள் அதன் கணக்கில் இடம்பெறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் படிகள் வகுத்திருக்கின்றனர். நுண்துகளை எடுத்துக்கொண்டால், கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை நல்லது. 60 வரை திருப்தி. 90 வரை மிதம். 120 வரை மோசம். 250 வரை மிக மோசம். அதற்கு மேல் கடுமை. இவற்றுக்கு நேராக, குறியீட்டில் 50, 100, 200, 300, 400 என்னும் எல்லைகள். நடுவில் விழும் அளவுகளுக்கு ஏணிப்படியின் இடைவெளியைப் பங்கிடுவது போல எண் தருவர். இவ்வாறு ஒவ்வொரு மாசுக்கும் ஓர் எண் வரும். அவற்றுள் எது பெரியதோ அதுவே அவ்விடத்தின் குறியீடு. கூட்டுவதில்லை, சராசரி பார்ப்பதுமில்லை.

ஓர் உதாரணம் கொள்வோம். எண்கள் நாம் எடுத்துக்காட்டாகக் கொள்பவை. ஒரு நாள் நுண்துகள் 75; அதற்கு எண் 149. பி.எம். 10 எனப்படும் பருந்தூசி 120. அதற்கு எண் 114. நைட்ரஜன் டை ஆக்சைடு 40. அதற்கு எண் 50. பெரியது 149, ஆகவே குறியீடு 149. மறுநாள் காற்று எள்ளளவும் மாறவில்லை. நுண்துகள் கருவி மட்டும் பழுதாகி நின்றுவிட்டது. மிஞ்சியவற்றுள் பெரியது 114. பலகையில் குறியீடு 149இலிருந்து 114ஆகக் குறைந்துவிட்டது! ஒரு கருவி இறந்தது. காற்றுத் தேறிவிட்டதாகச் செய்தி வந்தது. ஆஸ்துமா உள்ள பிள்ளையை விளையாட அனுப்பலாமா என்று பார்க்கும் தாய்க்கு இது என்ன செய்தி?

இவ்விபத்தை விதி வகுத்தவர்கள் எண்ணாமல் இல்லை. குறைந்தது மூன்று மாசுகளுக்கேனும் அளவு இருக்க வேண்டும், அவற்றுள் பி.எம். 2.5, பி.எம். 10 இரண்டில் ஒன்றேனும் இருக்க வேண்டும். நாளொன்றில் குறைந்தது 16 மணி நேரத்து அளவு இருக்க வேண்டும். இல்லையேல் குறியீடு கூறலாகாது என்று விதித்தனர். நல்ல விதி. எனினும் மேற்சொன்ன உதாரணத்தில் பருந்தூசிக் கருவி உயிரோடிருந்தமையால், வேறொரு வாயுவின் அளவும் கிடைத்துவிட்டால், விதி நிறைவேறிவிடும். எண்ணும் 114 என்றே வரும். எந்தக் கருவி பேசவில்லை என்பதையும் எண்ணோடு சேர்த்துச் சொன்னாலன்றி விதியினால் மட்டும் காப்பில்லை என்பது நமது கருத்து.

இந்த எண்ணின்மேல் இன்று கூலி தொங்குகின்றது. 2024 டிசம்பர் இறுதியில் மும்பை மாநகராட்சி, குறியீடு தொடர்ந்து 200ஐத் தாண்டியிருந்த போரிவலி கிழக்கு, பைகுல்லா ஆகிய பகுதிகளில் கட்டுமான வேலைகளை நிறுத்திற்று. வேறு பகுதிகளிலும் அவ்வாறு தாண்டினால் அங்கும் நிறுத்தப்படும் என்று அறிவித்தது. தூசியைக் கிளப்பும் வேலையை நிறுத்துவது நியாயமே. ஆயினும் அன்றாடம் கொத்து வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவர்களுக்கு 199க்கும் 201க்கும் உள்ள வேறுபாடு ஒரு நாள் அடுப்பு. கணக்கைப் பாருங்கள். நுண்துகள் 88 என்றால் குறியீடு 193, வேலை நடக்கும். காற்றை உறிஞ்சும் உறுப்பின் பிழையால் அதே தூசி நூற்றுக்கு ஐந்து கூடி 92 என்று வந்தால் குறியீடு 204, வேலை நிற்கும். பிழை மறுபுறம் சாய்ந்தால், நிறுத்த வேண்டிய வேலை நடக்கும். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் இருமுவர். பம்பு ஒன்றின் சிறு பிழை, மூன்று கணித்த தடங்களை ஏறிக் கடந்து, ஒரு வீட்டின் உலைமூடியைத் தொடுகின்றது.

நேயர்களுள் சிலர் கைப்பேசியில் ஒரு செயலியையும், அரசுப் பலகையில் மற்றோர் எண்ணையும் கண்டு, எது பொய் என்று கேட்பதுண்டு. பல சமயங்களில் இரண்டுமே பொய்யல்ல. நுண்துகள் 40 என்று வைத்துக்கொள்வோம். இந்தியப் படிகளின்படி குறியீடு 66; 'திருப்தி'. அமெரிக்கப் படிகளின்படி 112. 'மென்மையான உடல்நிலை உடையோர்க்கு ஆகாது'. தூசி அதே தூசி. வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் உள்ள வழக்கு இங்கேயும் வந்து நிற்கின்றது. எந்தப் பஞ்சாங்கம் என்று பெயரைச் சொல்லாமல் நாளைச் சொல்லும் ஜோசியரை நாம் ஏற்பதில்லை. எந்தப் படி என்று சொல்லாமல் எண்ணைச் சொல்லும் செயலியை மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

கணித்த தடம் ஒன்றை ஆக்குவோர் கைக்கொள்ளும் நல்வழக்கங்கள் சிலவற்றைப் பொறியாளர்கள் நமக்கு விளக்கியிருக்கின்றனர். அளந்த தடத்தை அழிக்காமல் தனியே காப்பது அவற்றுள் முதன்மையானது என்று நமக்குத் தோன்றுகின்றது. சூத்திரம் தவறென்று ஐந்தாண்டு கழித்துத் தெரிந்தாலும், மூல அளவு இருந்தால் மறுபடி கணக்கிடலாம். கணித்த எண் மட்டும் மிஞ்சியிருந்தால் மீட்சியில்லை. சோற்றை வைத்துக்கொண்டு நெல்லை விதைக்க முடியுமோ? அடுத்தது, சூத்திரத்தை மாற்றினால் மாற்றிய தேதியை எழுதிவைப்பது. ஏரி அட்டவணையைப் புதுப்பித்த அன்று, ஒரு துளி மழையின்றிச் சதவீதம் ஏறவோ இறங்கவோ கூடும். தேதி எழுதாவிடில் பின்னாளில் ஆராய்வோர் அன்று மழை பெய்ததென்று எழுதிவிடுவர்.

பின்னும் ஒன்று. கூட்டுக்கணக்கில் ஓர் உறுப்பு இல்லாதபோது விடையும் 'இல்லை' என்றே வர வேண்டும். ஏழு ஏரிகளில் ஒன்றின் மட்டம் இன்று வரவில்லையென்றால், ஆறைக் கூட்டி ஏழின் பெயரால் சொல்லலாகாது. நேற்றைய மட்டத்தை இன்றைக்கு வைத்துக்கொண்டால், வைத்துக்கொண்டோம் என்று ஒரு குறி இடுதல் வேண்டும். இக்குறி மூல அளவோடு பிறந்து, ஒவ்வொரு கணக்கிலும் உடன் சென்று, கடைசி எண்ணிலும் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.  

பாண்டுப்பிலோ செம்பூரிலோ, தில்லியிலோ கொல்கத்தாவிலோ வாழும் நேயர்கள், அடுத்த முறை காற்றுத் தரக் குறியீட்டைக் காணும்போது எண்ணோடு நின்றுவிடாமல் அதன் பக்கத்திலுள்ளவற்றையும் படித்துப் பாருங்கள். எந்த மாசு அந்த எண்ணைத் தந்தது என்று அங்கே குறித்திருக்கும். நேற்று நுண்துகள் என்றிருந்து, இன்று வேறொன்றின் பெயர் வந்து, எண்ணும் இறங்கியிருந்தால், நுண்துகள் அளவு வந்ததா என்று கேட்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: அரசுக் குறியீட்டில் நுண்துகளின் எண் 24 மணி நேரச் சராசரி. இன்று விடியற்காலையில் தெருமுனையில் குப்பையை எரித்த புகை அதில் மெல்லத்தான் ஏறும். எரித்தவர் வீடு திரும்பிய பின்னரும் மெல்லத்தான் இறங்கும். புகை மூக்கில் ஏறும்போது பலகையைப் பார்த்துவிட்டு ஜன்னலைத் திறக்க வேண்டுவதில்லை. சில நாட்களில் எண்ணுக்குப் பதிலாகப் போதிய அளவுகள் இல்லை என்று மட்டும் இருக்கும். அன்று பெட்டியின்மேல் கோபங்கொள்ள வேண்டா. 16 மணி நேரம் நிறையவில்லை, அல்லது மூன்று மாசுகள் சேரவில்லை என்று அது தன் கணக்கின்படியே சொல்லியிருக்கின்றது. அன்று நாம் கேட்க வேண்டியது, எந்தக் கருவி நின்றது, எப்போது சரிசெய்வார்கள் என்பதே.